வெள்ளையடித்த விரிசல்

மார்ச் 3
பூகம்பம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கள் குடியிருப்பில் பெயின்ட் வாடை. கீழே கார் நிறுத்துமிடத்துத் தூண்களில் குறுக்காக விழுந்திருந்த விரிசல்களைப் பட்டி பூசி மூடி, வெள்ளையடித்துவிட்டார்கள். ஏற்பாடு சங்கச் செயலாளர். துணிக்கடைக்காரர். கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் எனக்கு அவர் 'மைக்'.

"இப்ப பாருங்க, புதுசு மாதிரி இருக்கு!"

குடியிருப்பவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பவுடர் அப்பினால் காய்ச்சல் போய்விடும் என்று நம்புகிற கூட்டம்.

மார்ச் 4
நகராட்சி இன்ஜினியர் வந்தார். பட்டியைச் சுரண்டிப் பார்த்தார். "இன்னொரு பெரிய ஆட்டம் வந்தா கீழ்த்தளம் தாங்காது. தூணைப் பலப்படுத்துற வரைக்கும் யாரும் இங்க இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கூட்டம். மைக் முழங்கினார். "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. இடியப்போற வீடுன்னு பேரு வந்தா நாளைக்கு எவன் வாங்குவான்?"

நான் எழுந்தேன். ஆஸ்பத்திரியில் தினமும் எக்ஸ்ரே எடுக்கிறவள். "எலும்பு விரிஞ்சவனை நாங்க காலைக்கூட ஊன விடமாட்டோம். நீங்க அது மேல நாலு மாடிய நிக்க வச்சிருக்கீங்க."

நான்காம் மாடிப் பெரியவர் திரும்பினார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் உலகமே கடன் கேட்டுத் தன் முன்னால் நிற்பதாக நினைப்பு. "நீங்க படம் எடுக்கிறவங்கதானேம்மா? டாக்டர் இல்லையே?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும். பல்லெல்லாம் தெரிய.

மார்ச் 6
விளக்கு ஆடுகிறது. தட்டு கிணுகிணுக்கிறது. பூமி 'செட்' ஆகிறதாம், வாட்ஸப்பில் மைக் அறிவித்திருக்கிறார். அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வேறு.

என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். தங்கை வீட்டு மாடி காலியாகத்தானே இருக்கிறது? "எனக்கு என் கட்டில்லதான்டி தூக்கம் வரும்" என்கிறார். இந்த மனுஷனை விட்டுவிட்டு நான் மட்டும் போகவா? போகலாம்தான். ஏன் போகவில்லை? தெரியவில்லை. அந்த எரிச்சல் வேறு.

மார்ச் 8
செய்துவிட்டேன்.

இந்த வாரம் தண்ணீர் விடும் முறை எங்கள் வீட்டுடையது. மோட்டார் அறைச் சாவி என்னிடம். தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிட்டேன். கருகிய வாடை வரும் வரை அங்கேயே நின்றேன். வேறு என்ன செய்ய? இவர்களுக்குச் சாவைச் சொன்னால் புரியாது. குளிக்க முடியாது என்றால் புரியும்.

மார்ச் 9
மெக்கானிக் வந்து, மோட்டாருக்குள் இருக்கிற காயில் எரிந்துபோச்சு என்றார். காயில் கட்டும் கடைக்காரர் பூகம்பத்துக்குப் பயந்து எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருக்காவது புத்தி இருக்கிறது.

மார்ச் 10
காலி! முதல் ஆள் மைக், மாமனார் வீட்டுக்கு. பின்னாலேயே ஒவ்வொரு குடும்பமும். என்னவர் டாய்லெட்டிலிருந்து வெறும் வாளியோடு வந்து, "உன் தங்கச்சிக்கு ஒரு போன் போடேன்" என்றார். உயிருக்காக அசையாதவர்.

மார்ச் 11
மிச்சத் துணிமணி எடுக்க எங்கள் வீட்டுக்குப் போனேன். நான்காம் மாடிக் கதவு திறந்திருந்தது. பெரியவர் கேனில் தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார்.

"நீங்க போகலையா சார்?"

"எங்கம்மா போறது?"

"பையன் வீடு...?"

"அவன் போனை எடுக்கிறதில்ல." பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

எல்லாரையும் எடைபோட்டுவிட்டதாக நினைத்தேனே. போக இடம் இல்லாத ஒருத்தர் இருப்பார் என்று ஏன் தோன்றவே இல்லை? நானும் ஒரு மைக்தான் போல.

"எந்திரிங்க, எங்க கூட வாங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். "படம் எடுக்கத்தான்!" என்று கத்தினேன். பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 12
டீயில் சர்க்கரை போதாதாம். மின்விசிறி சத்தமாம். தங்கை என்னை முறைக்கிறாள். திமிர் பிடித்த கிழவர். கூட்டிக்கொண்டு வந்த என்னைச் சொல்லணும்.

மார்ச் 14
காலையில் அடுத்த ஆட்டம் வந்தது. போன தடவையைவிடக் குறைச்சல்தான் என்றார்கள். தெருவில் நின்றோம். பெரியவர் என் கையைப் பிடித்திருந்தார், விடவே இல்லை.

மதியம் போய்ப் பார்த்தோம். எங்கள் கட்டிடம் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தது. கார் நிறுத்துமிடம் இல்லை. முதல் மாடி தரையில். நான்காம் மாடி பாதியாகப் பிளந்து, அவருடைய சாய்வு நாற்காலி வெளியே தொங்கியது. உள்ளே யாருமே இல்லை. ஒருத்தர்கூட இல்லை. இதை எழுதும்போதுதான் அழுகை வருது, சே.

மார்ச் 15
டிவியில் மைக். "ஆபத்தை உணர்ந்து எல்லாரையும் முன்கூட்டியே வெளியேத்திட்டோம்." மாலை வேறு போட்டிருக்கிறார்கள். தூ!

இவர் மெதுவாக, "ஏன்டி, அந்த மோட்டார்..." என்றார்.

"எந்த மோட்டார்?"

இன்றைக்குப் பாத்திரம் முழுக்க அவர்தான் கழுவினார்.

ஏப்ரல் 20
வாடகை வீடு பார்த்து, இன்றைக்குச் சாமான்களோடு வந்தாயிற்று. ஒரே தளம், மேலே யாரும் இல்லை. மூன்று அறை. "மூணாவது ரூம் யாருக்கு?" என்றார் இவர்.

"வேற யாருக்கு?"

உள்ளேயிருந்து பெரியவர், ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்கிறது, இதெல்லாம் பார்த்து வாடகைக்கு எடுக்கத் தெரியாதா என்று சத்தம் போட்டார். வாயில் வந்ததையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போய், கட்டிலை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன்.