மஞ்சள் ஓடிய தோடு

14-8-2001, செவ்வாய்

ஆடி முடியப் போகிறது. மகள் கலாவை எப்போது அழைத்துப் போவார்கள் என்று கேட்க, இன்று சேவூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை காலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்தார். கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட வைரத்தோட்டைச் சம்பந்தியம்மா தாளில் மடித்து என் கையில் வைத்தார்.

"மஞ்சள் ஓடுற கல்லுங்க. இது வந்த மாசமே எம்புள்ள வண்டியில வந்துகினு இருந்தவன் விழுந்துட்டான்."

தோட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காட்டினேன். வைரத்தின் நிறத்தில் பல படிகள் உண்டு, இது சுத்த வெள்ளைக்குச் சில படி கீழே, அதனால் விலைதான் குறையும், தோஷம் வராது என்றேன்.

"உங்க தறிக்கு வர்ற பட்டும் வெளுக்கறதுக்கு முன்னாடி மஞ்சள்தானேம்மா?"

"பட்டு கட்டினவங்க யாரும் கால ஒடச்சிக்கலீங்க, வாத்தியாரே."

மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எப்போது அழைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கலாவுக்கும் அதே விளக்கத்தைப் பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்சம் வெள்ளையா பார்த்து வாங்கியிருக்கலாமேப்பா" என்றாள்.