பழைய ஓவராலில் ஒரு தையல்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? அப்பா ஏமாற்றாமல் மாத்திரை போடுகிறாரா? கப்பலில் எனக்கொரு குறையும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிறது.

போன வாரம் ஒரு கூத்து. இஞ்சின் அறையில் போட்டுக்கொள்ளக் கொடுத்த ஓவரால் ஆண்களுக்கு வெட்டியது. என்னைப் போல இன்னொருத்தியும் அதற்குள் குடியிருக்கலாம். அதன் கால் தடுக்கி ஏணியில் கொஞ்சம் சறுக்கினேன். அடியெல்லாம் இல்லை, பதறாதே. ஸ்டோர்காரர் சிரித்துக்கொண்டே அலமாரி அடியிலிருந்து பழையது ஒன்றை உருவிக் கொடுத்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது!

திருப்பிப் பார்த்தால் கைத்தையல். காலை மடித்து, ரவிக்கைக்குப் பிடிப்பதுபோல் மார்பில் டக் பிடித்திருந்தது.

"எனக்கு முன்னாடி இங்க பொண்ணு யாராவது வேலை பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நீதான் முதல் ஆளு" என்றார்.

அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் பெண் என்று அப்பா ஊரெல்லாம் தமுக்கடிக்கிறாராமே, நிறுத்தச் சொல்.

மார்பில் ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது. கறுப்பு நூலும் ஊசியும் அனுப்பு. புதிது வாங்காதே, உன் டப்பாவில் இருப்பதையே கொடு. முன்னால் இதைத் தைத்துப் போட்டவளின் தடத்திலேயே தைக்க வேண்டும். சாயங்காலங்களில் அவளோடுதான் பேசுகிறேன், சிரிக்காதே.

மணி அடிக்கிறது, வேலைக்கு இறங்க வேண்டும். இந்த உடுப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன், அம்மா. அடுத்து ஏறுபவளுக்கு இங்கேயே இருக்கட்டும்.

உன் மகள்