காறை எலும்பைக் காணவில்லை

பிப்ரவரி 11

இன்றும் பஸ்ஸில்தான் மெடிக்கல் காலேஜுக்குப் போனேன். சாலக்குடியில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ரோஸிலி, பஸ்ஸில்! மேல் கம்பியைப் பிடிக்க வலது கை ஏறவில்லை. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். எனக்கு வயது நாற்பத்து நாலு. கோபமாக வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் ஸஹீரா எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். இடது பக்கம் கழுத்தடியில் காறை எலும்பு நல்ல பிள்ளையாகக் கிடந்தது. வலது பக்கம் பாதிக்கு மேல் இல்லை. உடையவில்லை, நொறுங்கவில்லை. இல்லை, அவ்வளவுதான்.

"எங்க போச்சு டாக்டர்?"

"உடம்பே தின்னுடுச்சு சேச்சி."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தேவஸி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். பிறகு, "நான் உனக்குச் சோறு போடலன்னு ஊர்ல சொல்லப் போறாங்கடி" என்றார்.

பிப்ரவரி 12

டாக்டர் விளக்கியதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ரத்தக் குழாய் தவிர உடம்பில் இன்னொரு குழாய் வகை உண்டு. நிணநீர்க் குழாய். சதையில் கசியும் நீரை வாரிக்கொண்டு போகும், தெருவோர ஓடை மாதிரி. எலும்புக்குள் அதற்கு வேலையே இல்லை. எனக்கு உள்ளே புகுந்து வளர்ந்திருக்கிறது. அது புகுந்த இடத்தில் எலும்பை அரிக்கும் அணுக்களுக்குப் பசி கூடிவிடுகிறது, கட்டுகிற அணுக்கள் சும்மா இருக்கின்றன. நம்ம நகராட்சியேதான். தோண்டுகிறவன் வருவான், மூடுகிறவன் வரமாட்டான்.

துணுக்கு எடுத்துச் சோதித்ததில், சில அணுக்களில் மட்டும் மரபணுவில் ஓர் எழுத்துப் பிசகாம். அப்பன் ஆத்தா கொடுத்ததில்லை.

"ஏன் எனக்கு வந்துச்சு?"

"தெரியாது."

"யாருக்குத்தான் தெரியும்?"

"உலகத்துலயே யாருக்கும் தெரியாது சேச்சி. அதுக்குத்தான் ஆராய்ச்சி."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. தெரியாது என்கிற ஆள் நேரத்துக்கு பிரேக் போடும். எல்லாம் தெரிந்தவர்கள்தான் வாய்க்காலில் இறங்குவார்கள். ஆனால் டாக்டருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதாம்! ஆட்டோவில் வருகிறாராம்.

விலா எலும்புக்குப் பரவினால் நெஞ்சில் நீர் கட்டுமாம். மூச்சு முட்டினால் அன்றைக்கே வந்துவிட வேண்டுமாம். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20

மருந்து ஆரம்பம். மாற்றுக் கிட்னி வைத்தவர்களுக்குக் கொடுப்பதாம். அந்தக் குழாய்களின் வளர்ச்சியை அடக்கலாம். "நின்னா போதும் சேச்சி. போனது திரும்பி வரும்னு ஆசை வைக்காதீங்க."

எங்கேயோ நடுக்கடலில் ஒரு தீவு, பெரிய பெரிய கல் தலைகள் நிற்குமாம். அந்த மண்ணில் இருந்த கிருமியிலிருந்துதான் இந்த மருந்தை முதலில் எடுத்தார்களாம்.

"மண்ணுல இருந்தா? நம்ம வாழைத் தோட்டத்துல இல்லாத மண்ணா!" என்றார் தேவஸி.

மார்ச் 3

வாயெல்லாம் புண். மருந்தின் வேலை. குடம்புளி போட்ட மீன்குழம்பை என் பங்கும் சேர்த்து அவரே சாப்பிட்டார். ஒத்தாசையாம்.

மார்ச் 19

என் இடது சீட்டில், காலடியில் தனி பிரேக் இருக்கிற என் சீட்டில், எனக்குப் பதிலாகக் கற்றுக்கொடுக்க தேவஸி. நான் பின்னால், வானத்திலிருந்து காவல் காக்கும் சம்மனசு மாதிரி. ஓட்டக் கற்றுக்கொள்ளும் பேங்க் மேனேஜர் வண்டியை நேரே பேக்கரிக்குள் விடப் பார்க்கிறார். தேவஸி சொல்கிறார்: "சார், முடிஞ்சா கொஞ்சம் வலது பக்கம் திருப்பினா நல்லாருக்கும்."

நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போனேன். கை பாதியில் விழுந்துவிட்டது. பேக்கரி பெஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்து அழுதேன். பெஞ்சுக்காக இல்லை. அந்த சீட்டில் நான் இனி உட்கார முடியுமா? அது இல்லாமல் நான் என்ன செய்வேன்?

ஏப்ரல் 24

டாக்டர் கேட்டுக்கொண்டதால் இன்று, மேல்படிப்பு டாக்டர்கள் தொட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிற பி.ஜி. பரீட்சைக்கு நோயாளியாகப் போனேன். ஒரு பையன் பரிசோதிக்கிற சாக்கில் காதோரம் குனிந்து, "சேச்சி, என்ன நோவுன்னு மட்டும் சொல்லிடுங்க, ப்ளீஸ்" என்றான்.

"தொட்டுப் பாருடா."

தொட்டான். "அய்யோ, எலும்பக் காணோம்!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாஸாகிவிட்டான். மாணவர்களிடையே நான் இப்போது பிரபலம்.

ஜூலை 30

எக்ஸ்ரே. தேய்ந்தது தேய்ந்தபடி நிற்கிறது. நின்றுவிட்டது! தேவஸி ஊருக்கெல்லாம் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். ஆனால் கை ஏறவில்லை.

நவம்பர் 18

மறுபடி பரீட்சை. இன்று வந்தவன் என்னைப் பார்த்ததும் கல்யாணத்தில் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இளித்தான். "சேச்சிதானே! சீனியர்ஸ் சொல்லிட்டாங்க." தொடவே இல்லை. கிடுகிடுவென்று எழுதிவிட்டு போனில் கிரிக்கெட் பார்த்தான்.

மங்களூரிலிருந்து ஷெட்டி என்று ஒரு பெரிய டாக்டர் தேர்வாளராக வந்திருந்தார். பையன் ஒப்பித்தான்: "வலது காறை எலும்புல பாதிக்கு மேல இல்ல சார். நடுவுல ஒண்ணுமே கைக்குத் தட்டுப்படல."

ஷெட்டி என் தோளில் கட்டைவிரலை வைத்தார். நகர்த்தினார். திரும்ப முதலிலிருந்து நகர்த்தினார்.

"நீ தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எப்போ? போன பரீட்சையிலயா?"

பையன் முகம் வெளுத்துவிட்டது. ஷெட்டி என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். இத்தனை மாதமாகக் குளிக்கும்போதுகூட நான் தொடப் பயந்த இடம். உள்ளே மெலிசாக, கெட்டியாக, ஏதோ இருந்தது. ஏதோ என்ன ஏதோ, எலும்பு! என் எலும்பு!

உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு முனையிலிருந்தும் வெள்ளைக்கோடு நீண்டு வந்திருக்கிறது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி இன்னும் பாக்கி. டாக்டர் ஸஹீரா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி டாக்டர் வந்துச்சு?"

"தெரியாது சேச்சி!" கத்தியே சொன்னார்.

பையனுக்காக நான் பரிந்து பேசவில்லை. கண்ணாடி பார்க்காமல் திருப்புகிறவர்களை நானும் பாஸ் போட்டதில்லை.

ஜனவரி 8

நான் மறுபடி வண்டி கற்றுக்கொடுக்க டாக்டர் ஸஹீரா முழுச் சம்மதம் கொடுக்கவில்லை. "மெதுவா, வலிச்சா உடனே நிறுத்தணும்" என்றார். ஆகவே மெதுவாக, என் இடது சீட்டில். பக்கத்தில் 'எல்' போர்டு கட்டிய புது மாணவி: டாக்டர் ஸஹீரா.

கிளட்சை விட்டார். வண்டி துள்ளிக்கொண்டு ரோட்டோரச் சின்ன மாதா கோவில், அந்தக் கப்பேளாவின் சுவரைப் பார்த்துக் கிளம்பியது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் என் வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்துவிட்டது. சுவர் பிழைத்தது.

டாக்டர் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிச்சுதா?"

"ரோட்டப் பாருங்க டாக்டர்."