பூதலூரிலிருந்து கடலுக்குப் போன அமுதா அக்காவுக்கு

என் அமுதா அக்கா,

நீ போய் ஒன்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. காலை பதினொரு மணிக்கு, பூதலூரில் உன் படகுப் பட்டறையில், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாயாம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். நாற்பத்து மூன்று வயதில் அது எப்படி நிற்கும்?

அம்மா வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறாள். "நல்லாத்தானே நாலு இட்லி தின்னுட்டுப் போனா. வண்டியக்கூட அவதானே ஓட்டிட்டுப் போனா."

நடவுக்குப் போய் நம்மை வளர்த்தவள். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து நீ பாய்மரப் படகு ஓட்டுகிறாய் என்றதும், "பாயா? எந்தப் பாயி?" என்று கேட்டாள். மூன்று வருடம் கழித்து நீ தேசியப் பட்டத்தோடு வந்து இறங்கியபோது ரயிலடியில் முதல் ஆளாக நின்றவளும் அவள்தான்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டாய். இருவர் ஓட்டும் படகு. கடைசிப் பந்தயத்தில் நாம்தான் முன்னால். திருப்பத்தில் நம் படகு எல்லை மிதவையை லேசாக உரசியது. உரசினால் தண்டனையாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

"யாரும் பாக்கலக்கா, போ" என்று கெஞ்சினேன்.

"உரசுச்சுல்லடி" என்று மட்டும் சொல்லிப் படகைச் சுற்றினாய். இரண்டாம் இடம். ஒரு வாரம் நான் உன்னோடு பேசவில்லை.

அணித்தலைவியானதும், துறைமுகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டும்வரை அதிகாரிகளை நீ விடவில்லை. போட்டிகளை விட்டு ஊருக்கு வந்து ஃபைபர் படகு செய்யப் போகிறேன் என்றபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. கொள்ளிடம் பெருகிக் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்த வருடம், ஆட்களை ஏற்றி வந்தவை உன் படகுகள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லாமல் இருந்தேன் அக்கா?

நேற்று பட்டறைக்குப் போனேன். இருபது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மழைக்காலத்துக்கு முன் கொடுக்க வேண்டிய ஆறு படகுகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. மேற்பார்வை பார்க்கும் சரோஜா என் முகத்தை நேராகப் பார்த்தாள். "மூடுறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க வேற வேல தேடணும்."

"மூடல" என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று இன்னும் திகைப்பாக இருக்கிறது.

பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு படகையும் முடித்து, ஒவ்வொன்றையும் நானே ஆற்றில் இறக்கிப் பார்ப்பேன். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அனுப்ப மாட்டேன்.

இன்று காலை கிளம்பும்போது அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "நீயும் அங்கதான் போறியா?" என்று கேட்டாள். ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தினமும் இருப்பேன் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
கயல்