இருபது கேள்விகளும் எட்டு மாதமும்

அண்ணி,

நேற்று எக்ஸ்ரே உறையைத் திறந்தேன். இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. திருப்பதி டாக்டர் பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உறையைச் சாய்த்ததும் படத்தோடு நான்கு தாள்கள் மடியில் விழுந்தன. நீங்கள் எனக்குத் தேய்த்துவிட்ட தைலத்தின் வாடை இன்னும் அவற்றில் இருந்தது. முதல் தாளில், என் மகளின் கையெழுத்தில், "அமெரிக்காவில் சட்டம் இயற்றுவது யார்?" என்று எழுதியிருந்தது. டாக்டரிடம் போகவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்தோம். சம்பந்தி என்று கூப்பிட இருவருக்கும் வாய் வரவில்லை. நான் உங்களை அண்ணி என்றேன், நீங்களும் என்னை அண்ணி என்றீர்கள். பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள், பேத்தி பிறந்தாள், ஒரே மகன் கூப்பிட்டான் என்று நீங்களும் போனீர்கள். இருபது வருடத்துக்கும் மேல் அங்கே. ஆனால் மனசு திருச்சானூரில்தான். வருடா வருடம் கார்த்திகையில் தாயார் உற்சவத்துக்கு வந்து, பூட்டிக்கிடந்த வீட்டைக் கழுவிவிட்டு, முறுக்கிய குழாயில் தண்ணீர் வரும்வரை திட்டிக்கொண்டே நிற்பீர்கள். நான் நகரியிலிருந்து ரயிலேறி வருவேன். வீடு பழகுவதற்குள் உங்களுக்குத் திரும்பும் நாள் வந்துவிடும்.

உங்கள் கையில் இருந்தது கிரீன் கார்டு. அங்கே தங்கினால்தான் அது செல்லும். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் பேத்தியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் விசாவுக்கு நிற்க வேண்டும். அந்த ஊர்க் குடிமகளாகிவிட்டால் இரண்டுக்கும் வழி உண்டு என்று உங்கள் மகன் சொன்னான். அப்புறம் இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்களாம்.

"கூத்தப் பாத்தீங்களா அண்ணி? நம்ம ஊர்ல நிம்மதியா இருக்கறதுக்கு நானு அமெரிக்காகாரி ஆவணுமாம்" என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பரீட்சை உண்டு. வயதானவர்களுக்கு இருபது கேள்விகள்தான். அதில் பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும், தமிழிலேயே சொல்லலாம். நீங்கள் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து தெரியாது. அதனால் என் மகள் இருபதையும், வேறு சில விளக்கங்களையும் தமிழில் எழுதி, படித்துக் காட்டும் வேலையை எனக்குக் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் படிப்பு ஒருவருக்குத் தேவைப்பட்டது அதுதான் முதல் முறை.

அந்த வருடம்தான் நான் நகரி ஸ்டேஷன் படியில் மழைத்தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். திருப்பதியில் ஆபரேஷன். மகளால் பத்து நாள்தான் இருக்க முடிந்தது. அவள் கிளம்பியதும் நீங்கள் என்னைத் திருச்சானூருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். படுக்கையில் வைக்கும் பேசினை எடுத்து, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து எல்லாம் செய்தீர்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "பையனப் பெத்தவங்க பொண்ணப் பெத்தவங்களுக்கு இதெல்லாம் செய்யறத இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். "நல்லாப் பாத்துக்கோம்மா, உனுக்கும் உதவும்" என்று நீங்கள் கதவைச் சாத்தினீர்கள்.

நான் படுத்தபடி கேட்பேன், நீங்கள் கீரை ஆய்ந்தபடி பதில் சொல்வீர்கள்.

"சட்டம் போடறது யாரு?"

"காங்கிரஸ். நம்ம ஊரு கட்சி இல்ல, அது சபை."

"அதுல எத்தினி பாகம்?"

"ரெண்டு. செனட்டு ஒண்ணு, பிரதிநிதிகள் சபை ஒண்ணு."

"ரெண்டும் ஒத்துக்கினா சட்டமாயிடுமா?"

"எங்க ஆவும்? ஜனாதிபதி கையெழுத்துப் போடணும். அவரு மாட்டேன்னா திரும்பி வந்துடும். மூணுல ரெண்டு பங்கு பேரு மறுபடி சரின்னா, அவரு இல்லாமலே சட்டமாயிடும்."

"நம்ம பசங்க கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க. ரெண்டு வீடும் சரின்னுச்சு, உங்க அண்ணன் மட்டும் முறுக்கிக்கினு பந்தல் பக்கமே வரல."

"அவரு இல்லாமலே தாலி கட்டிட்டோம் இல்ல?" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் கீரை தரையில் கொட்டியது. "இன்னிக்கி வரைக்கும் எங்கூடப் பேசல அவரு."

குடிமக்களுக்கு உள்ள உரிமையில் ஒன்று சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி. "பேசற உரிமை" என்றீர்கள். "உங்க மருமக கிட்டயா?" என்றேன். "அவள நீங்கதான பெத்தீங்க? அங்க எனுக்கு வாயக் கட்டிக்கற உரிமைதான்" என்றீர்கள். கையைத் தட்டிச் சிரித்து இடுப்பு வலியில் கத்தினேன்.

எல்லாக் கேள்வியும் அப்படிச் சிரிப்பாகப் போகவில்லை. கறுப்பு மக்களும் வெள்ளைக்காரர்களும் சமம் என்று போராடியவரைப் பற்றிய கேள்விக்கு நீங்கள் பதிலோடு நிறுத்தாமல், பஸ்ஸில் கறுப்பர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும் என்று அங்கே சட்டமே இருந்ததைச் சொன்னீர்கள். அதை மாற்ற எத்தனை பேர் அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள் என்றும் சொன்னீர்கள். பிறகு கை நின்றுவிட்டது. "எங்கம்மா வீட்டுல, வேலைக்கி வரவங்களுக்குக் கொட்டாயில தனியா ஒரு டம்ளர் சொருகி இருக்கும். நானே அதுல மோர் ஊத்திக் குடுத்திருக்கறேன். நம்ம வீட்டுல அதுக்குச் சட்டம்கூடத் தேவைப்படலியே அண்ணி" என்றீர்கள். எங்கள் வீட்டிலும் இருந்தது. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அன்று அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

ஆறாவது மாதம் நெருங்கியபோது நான் வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடப்பேன், பதினோராவதில் உட்கார்ந்துவிடுவேன். "நீங்க கெளம்ப வேணாமா?" என்று கேட்டேன். "ஒரு வருசம் வரைக்கும் இருக்கலாம். கார்டுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க அந்தக் காலத் தூக்கி வைங்க" என்றீர்கள். நம்பினேன். நம்புவதற்குச் சௌகரியமாகவும் இருந்தது. எட்டாவது மாதம், நான் கோலை ஊன்றித் தெருமுனை வரை போய்த் திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள்.

அடுத்த வருடம் உங்களைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். முதல் ஆறு கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னீர்களாம். அதற்கு மேல் கேட்கவே இல்லையாம். அப்புறம் அந்த ஆபீசர் பாஸ்போர்ட்டைப் புரட்டியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்ததால், அதுவரை தங்கிய கணக்கு அறுந்துபோய்விட்டதாம். மறுபடி நாலு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். கார்டு போகவில்லை. அந்த மட்டும் நீங்கள் சொன்னது உண்மை.

"பாசாயிக்கினே பெயிலாயிட்டேன் அண்ணி" என்று போனில் சொன்னீர்கள். சிரிக்கப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு ஒரே முறை, மூன்று வாரத்துக்கு வந்தீர்கள். அதற்கு மேல் உங்கள் மகன் விடவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வருடக் குளிரில் அங்கேயே போய்விட்டீர்கள். தகனத்தைப் பேத்தி செல்போனில் காட்டினாள். எல்லாரும் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள். உங்கள் முகம் சரியாகத் தெரியவில்லை.

இன்று காலை மகள் போன் செய்தபோது தாள்கள் கிடைத்ததைச் சொன்னேன். "ஆறு மாசக் கணக்கு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா கெளம்பிப் போயிருப்பாங்கடி" என்றேன்.



"அத்தைக்குத் தெரியும்மா. நானே மூணு வாட்டி சொன்னேன். டிக்கெட்டும் போட்டோம். 'உங்கம்மா இன்னும் தானா பாத்ரூம் போவல, நானு எப்பிடிடி வர்றது? அவங்க கிட்ட சொல்லிக்கில்லி வைக்காத'ன்னு வேணாம்னுட்டாங்க."

எத்தனை வருடம், அண்ணி. என் மகளும் நீங்களும் சேர்ந்து என்னிடமிருந்து அதை மறைத்திருக்கிறீர்கள். கோபம் வந்தது. கோபப்படத் தெம்பு இல்லை.

மகள் விஷயத்தை மாற்றினாள். இப்போது அவளே குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். நம் பேத்தி அங்கே பிறந்தவள், போன தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, 'ஓட்டுப் போட்டேன்' என்று கோட்டில் ஒட்டிய சீட்டோடு எனக்குப் படம் அனுப்பியவள். அவள்தான் அம்மாவுக்குக் கேள்வி கேட்கிறாளாம். அந்தப் படத்தை நான் காட்டாத வீடு தெருவில் இல்லை.

"நானு பாசாயிட்டா உனுக்கும் கார்டு போடலாம்மா. தனியா எதுக்குக் கெடக்கற? வந்துடு."

"வேணாம்டி."

"ஏம்மா?"

"உங்க அத்த இங்க இருக்க ஆசப்பட்டாங்க. எனுக்குக் கால் வரணும்னு அத வுட்டாங்க. அவங்க இருக்க வேண்டிய நாளையும் சேத்து நானு இருந்துட்டுப் போறேன்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். நகரியிலிருந்து ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. ஜன்னலைத் திறந்தேன், கூட்டினேன், தாயாருக்கு விளக்கு ஏற்றினேன். எதிர்வீட்டு அம்மாளுக்கு இப்போது முட்டி வலி. அவளிடம் ஒரு மணி நேரம் வம்பு பேசினேன். நீங்களாக இருந்தால் இரண்டு மணி நேரம் பேசியிருப்பீர்கள்.

சோர்வாகத்தான் இருக்கிறது, அண்ணி. இரண்டு பேருடைய நாளை ஒருத்தி இருந்து தீர்க்க வேண்டியிருக்கிறது.