சுரங்கத்துக்கு மேலே

அன்புள்ளவளுக்கு,

நீ வெர்னாட்சாவிலுள்ள உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து, அந்த நிலையத்தில் ரயிலை நிறுத்தும்போதெல்லாம் மலையை அண்ணாந்து பார்க்கிறேன். ஒரு நிமிடம்தான், மறுபடி சுரங்கம். இத்தனை வருடம் ஓட்டியும் மேலே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

அதனால் வரும் விடுமுறையில் நடந்தே வரத் திட்டமிட்டிருக்கிறேன். கூட ஓட்டுகிற எத்தோரே, "இந்தத் தொந்தியையும் தூக்கிக்கிட்டா மலை ஏறப்போற? பேசாம ரயில்லயே போய் இறங்குடா!" என்று சிரித்தான். நான் பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

நேற்று வழி பார்த்துவைக்க முந்தின நிலையமான கோர்னிலியாவில் இறங்கி மலை ஏறினேன். மேலெல்லாம் கல்சுவர் கட்டி, படிப்படியாக அமைத்த திராட்சைத் தோட்டங்கள். ஓரிடத்தில் காலுக்கடியில் எங்கோ ரயில் இரைந்தது. உன் அம்மா வீட்டு நிலவறையில் இருக்கும் மதுப் பீப்பாய்கள் அதில் அதிருமா?

வெர்னாட்சா தெரிந்ததும் நின்றேன். கீழே நீயும் உன் அக்காவும் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அடியே, கூடையில போடு! பாதிய நீயே தின்னுட்டா ஒயினுக்கு என்ன மிஞ்சும்?" என்று அவள் கத்தினாள்.

நீ ஒரு கொத்தை அவள்மேல் எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அந்தச் சிரிப்பைக் கிட்டத்திலிருந்து கேட்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு கூடை தூக்க வரலாமா?

இப்படிக்கு,
உன் ரயில்காரன்