அன்றன்றைய கையிருப்பு

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். எப்போது கேட்டாலும் சூப்பர் என்கிறவரிடம் வேறென்ன தெரிந்துகொள்ள முடியும்? போனில் இதை ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஆபீஸில் இந்த வாரம் ஒரே களேபரம். எங்கள் வங்கி மத்திய வங்கியில் தினமும் இவ்வளவு பணம் இருப்பு வைத்திருக்க வேண்டும், அதைப் பார்ப்பதுதானே என் பிரிவு. இரண்டு வாரச் சராசரி சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்த ஒரு நாளும் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கவும் கூடாது. எங்கள் மேனேஜர், அதுதான் நம்ம 'பார்த்துக்கலாம்' சார், ஒரு நாள் அந்தப் பணத்தை எடுத்து வெளியே கடன் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன். நாளைக்குச் சேர்த்து வைத்தால் சராசரி சரியாகிவிடும், நீ சும்மா இரும்மா என்றார். சொன்னபடி வைக்கவும் வைத்தார். அபராதம் வந்துவிட்டது! மறுநாளே கூடுதலாக வைத்தோமே என்று மனுஷன் கெஞ்சிப் பார்த்தார். அன்றைக்குக் குறைந்தது குறைந்ததுதான், மறுநாள் கொட்டிக் கொடுத்தாலும் ஈடாகாது என்றுவிட்டார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உங்கள் ஞாபகம்தான் வந்தது.

வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்கி, லீவு முடியும்வரை எங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்களும் சராசரிக் கணக்குக்காரர்தான், ஐயா.

நான் ஆபீஸ் விஷயம் பேசுவதைக் கேட்டுவிட்டு, கையிருப்பு என்றால் என்னம்மா என்றாள் பாப்பா. நம்ம கையில் இருப்பது என்றேன். அப்போ அப்பா கையிருப்பு இல்லையா என்று கேட்டாள். அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

போன தடவை கால் எட்டாத சைக்கிள் வாங்கி வந்து, அடுத்த தடவை கற்றுத்தருகிறேன் என்றீர்களே, இப்போது கால் எட்டிவிட்டது. அப்பாதான் பிடிக்கணும் என்று இத்தனை நாள் யாரையும் கிட்டே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். தெருமுனைவரை தனியாகவே போய்விட்டாள்! எல்லோரும் கைதட்டினார்கள். நான் துணி எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து அழுதேன்.

அங்கே கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றீர்கள். போடாதீர்கள். என் சம்பளம் இருக்கிறது, இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம். எனக்கு நீங்கள் பக்கத்தில் வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு ஓட்டத் தெரிகிறதே தவிர இறங்கத் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் போய் முட்டித்தான் நிற்கிறாள். அண்ணன் அதையும் சொல்லித்தருகிறேன் என்றார். வேண்டாம், அதற்கு அவள் அப்பா வருவார் என்று சொல்லிவிட்டேன். குழந்தைக்கு முழங்காலெல்லாம் சிராய்ப்பு. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
சிடுமூஞ்சி